அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு வரி: ஜிஎஸ்டி மன்றத்துக்குத் திறந்த மடல்

சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் தலைவராகிய ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், மன்றத்தில் இடம்பெற்றுள்ள மாநில நிதியமைச்சர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

திருப்பூரில் சிறு மளிகைக் கடைகளுக்கும், மெஸ்களுக்கும், மாவு அரைத்து விற்பவர்களுக்கும் கணக்கு எழுதி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மதிப்புக் கூட்டு வரிக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கினேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த பிறகும், அதே மேசையில் உட்கார்ந்து அதே கடைக்காரர்களின் பில் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வரியே கூடாது என்று வாதிடுபவன் அல்லன். வரி இருப்பதால்தான் என் வீட்டிலும் உலை கொதிக்கிறது. ஆகவே இந்த மடலை ஒரு புலம்பலாகக் கொள்ளாமல், மளிகைப் பொருளுக்கும் சமைத்த சாப்பாட்டுக்கும் இடையே நீங்கள் வகுத்துள்ள எல்லை தரையில் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிய ஓர் அறிக்கையாகக் கொள்ள வேண்டுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி கேட்ட கேள்வி. நான் கணக்குப் பார்க்கும் மெஸ் ஒன்றில் 80 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 84 ரூபாய் பில் வந்தது. அவர் மெஸ் நடத்தும் அம்மையாரிடம், "அக்கா, அரிசிக்கு வரி இல்லைங்கறாங்க, காய்கறிக்கும் இல்லைங்கறாங்க, அப்புறம் இந்த நாலு ரூபாய் எதுக்கு?" என்று கேட்டார். அம்மையார் என்னைப் பார்த்தார். நான் சட்டம் சொல்வதைச் சொன்னேன்: நீங்கள் வாங்குவது பொருள் அன்று, உணவகச் சேவை, சேவைக்கு 5 சதவீதம். அவர் தட்டைக் காட்டி, "சேவையா? இதைக் கழுவி வெச்சது நானுங்க" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். சொந்தத் தட்டைத் தாமே கழுவி வைப்பது அந்த மெஸ்ஸின் வழக்கம். நான் சொன்னதில் சட்டப்பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் அந்தப் பதில் எனக்கே செரிக்கவில்லை.

தமிழில் 'வரி' என்றால் அரசுக்குக் கட்டும் இறை மட்டுமன்று, கோடும்தான். உங்கள் மன்றம் செய்யும் வேலையை இந்த ஒரு சொல் இரண்டு விதமாகவும் சொல்லிவிடுகிறது. உணவைப் பொறுத்தவரை நீங்கள் எத்தனை சதவீதம் விதிக்கிறீர்கள் என்பதைவிட, எந்த இடத்தில் கோடு கிழிக்கிறீர்கள் என்பதே அதிகமாக உறுத்துகிறது. வீட்டில் அடுப்பு உள்ளவர் அரிசியாக வாங்கும்போது விலகி நிற்கும் அந்தக் கோடு, அடுப்பு இல்லாதவர் அதே அரிசியைச் சோறாக வாங்கும்போது குறுக்கே வந்து விழுகிறது.

இந்தக் கோடு நேற்று கிழிக்கப்பட்டதன்று. பொது விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது 1939-இல் ராஜாஜி தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசு. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்டும் நோக்கம் அதன் பின்னணியில் இருந்தது. உணவகத்தில் சாப்பிடுவது விற்பனையா இல்லையா என்ற கேள்வி அதன் பிறகு பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தது. உணவகத்துக்கு வருபவருக்கு உணவு பரிமாறுவதை ஒரு சரக்கு விற்பனையாகக் கருதி வரி விதிக்க முடியாது என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் வருவாய்க்கு விழுந்த அந்த அடியைச் சரிசெய்யவே 1982-இல் அரசியலமைப்பின் 46-ஆம் திருத்தம் வந்து, உணவு பரிமாறுவதையும் விற்பனையாகக் கொள்ளலாம் என்றது. பின்னாளில் குளிரூட்டப்பட்ட உணவகங்களில் ஒரே சாப்பாட்டுக்கு மாநில அரசு பொருள் என்று சொல்லி மதிப்புக் கூட்டு வரியும், மத்திய அரசு சேவை என்று சொல்லிச் சேவை வரியும் வாங்கிய காலமும் இருந்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதையெல்லாம் முடித்துவைத்து, உணவகச் சாப்பாடு சேவையே என்று ஒரே அடியாகச் சொல்லிவிட்டது. விற்பனை என்று நிலைநாட்ட அரசியலமைப்பையே திருத்திய நாடு, முப்பத்தைந்து ஆண்டுகளில் அதைச் சேவையாக மாற்றிக்கொண்டது.

பெயர் எதுவானால் என்ன, வரி ஒன்றுதானே என்று தோன்றலாம். அந்தப் பெயரால் வரும் விளைவைச் சொல்கிறேன். பொருளை மட்டும் விற்பவர் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். 2019 ஏப்ரலில் மன்றம் தந்த நல்ல சலுகை அது. சேவை வழங்குபவருக்கோ எல்லை 20 லட்சத்திலேயே நின்றுவிட்டது. மெஸ் சேவை என்பதால் 20 லட்சம்தான் அதற்கு. நாள் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 5,480 ரூபாய். 80 ரூபாய்ச் சாப்பாடு விற்கும் ஒருவர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 69 சாப்பாடு விற்றால் வரி வலைக்குள் வந்துவிடுகிறார். மதியத்துக்கு நாற்பது பேர், இரவுக்கு முப்பது பேர் வந்தால் போதும். கணவனும் மனைவியும் ஓர் உதவியாளும் சேர்ந்து நடத்தும் கடைக்கு அது ஒன்றும் பெரிய வியாபாரம் அன்று. அதே தெருவில் மளிகைப் பொருள் விற்பவர் அதைப் போல இரண்டு மடங்கு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை. கரண்டி பிடித்த கைக்கு மட்டும் ஏன் எல்லை பாதியாகக் குறைந்தது என்பதற்கு, 'சேவை' என்ற அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து, அந்த 5 சதவீதம் உண்மையில் 5 சதவீதம்தானா என்ற கேள்வி. ஜிஎஸ்டி தொடங்கியபோது குளிரூட்டப்படாத உணவகங்களுக்கு 12 சதவீதமும், குளிரூட்டப்பட்டவற்றுக்கு 18 சதவீதமும் இருந்தன. வாங்கும் பொருள்களில் கட்டிய வரியை, தாம் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரி வரவாக அவர்கள் கழித்துக்கொள்ள முடிந்தது. 2017 நவம்பரில் குவாஹாத்தியில் கூடிய மன்றம் இரண்டையும் 5 சதவீதமாக்கி, வரவைக் கழிக்கும் உரிமையை நீக்கியது. வரவின் பலனை உணவகங்கள் வாடிக்கையாளருக்குத் தரவில்லை என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்பதை என் தொழிலில் இருப்பவன் மறுக்க முடியாது. வரி குறைந்த அதே வாரத்தில் விலைப்பட்டியலை மாற்றி அச்சடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குக்காக, மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு விற்கும் மெஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டட வாடகை 25,000 ரூபாய் என்றால் அதற்கு 18 சதவீதமாக 4,500 ரூபாய் வரி. வணிகப் பயன்பாட்டுச் சிலிண்டருக்கும் 18 சதவீதம். மாதம் 35,000 ரூபாய்க்கு எரிவாயு வாங்கினால் அதற்கு மேல் 6,300 ரூபாய் வரி. வீட்டுச் சிலிண்டருக்கு உள்ள 5 சதவீதம் இங்கே செல்லாது. இந்த இரண்டு இனத்தில் மட்டும் 10,800 ரூபாய், அதாவது விற்பனையில் 3.6 சதவீதம், எங்கும் கழிக்க முடியாமல் சாப்பாட்டின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எண்ணெய், நெய், பாத்திரம், மிக்சி, தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றின் வரியை நான் சேர்க்கவே இல்லை. பில்லில் 5 என்று தெரிவது அடிவயிற்றில் எட்டரைக்கு மேல். சாப்பிடுபவருக்கு அது விலையாகத் தெரிகிறதே ஒழிய வரியாகத் தெரிவதில்லை.

வாடகையைப் பற்றி இன்னொரு செய்தி. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவராக இருந்தால் வரி இல்லை என்ற நிலை முன்பு இருந்தது. 2024 அக்டோபர் 10 முதல், அப்படிப்பட்ட வணிகக் கட்டடத்தின் வாடகைக்கும் பதிவு பெற்ற வாடகைதாரரே 18 சதவீதத்தைத் தாமே கட்ட வேண்டும் என்று விதி வந்தது. துணிக்கடைக்காரர் கட்டினால் வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்வார். மெஸ் நடத்துபவர் கட்டியது கட்டியதுதான். சிறு வணிகர் விற்றுமுதலில் ஒரு நிலையான சதவீதத்தை மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் இதிலிருந்து விலக்கு அளித்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்தத் திட்டமும் உணவகங்களுக்கு ஒரு விந்தையான உடை. ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர் அதில் சேரலாம். மற்ற வணிகர் 1 சதவீதம் கட்டும் இடத்தில் உணவகம் 5 சதவீதம் கட்ட வேண்டும், அதையும் வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. எழுத்து வேலை குறைகிறது என்பதும் வாடகை வரி தப்புகிறது என்பதும் தவிர அதில் பெரிய இலாபம் இல்லை. கூடவே, அத்திட்டத்தில் இருந்துகொண்டே பில்லில் வரி என்று தனியாகப் போட்டு வாங்கித் தம் பையில் வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. காம்போசிஷன் கடை என்ற பலகையை வாசலில் மாட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பலகையைக் காலண்டருக்குப் பின்னால் தேட வேண்டிய கடைகளை நான் அறிவேன்.

செயலி வழியே சாப்பாடு வாங்குவதற்கு வந்த விதி இன்னும் நுட்பமானது. 2022 ஜனவரி 1 முதல், செயலி வழியே விற்கும் உணவகச் சாப்பாட்டுக்கு உணவகத்துக்குப் பதிலாகச் செயலி நிறுவனமே வரி கட்ட வேண்டும். பெரிய உணவகங்கள் வாங்கிய வரியைக் கட்டாமல் விடுவதைத் தடுக்க அது உதவியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 20 லட்சத்துக்குக் கீழே விற்கும், பதிவே தேவைப்படாத ஒரு சிறு கடையின் சாப்பாட்டுக்கும் செயலியில் 5 சதவீதம் விழுகிறது. கடைக்கு நேரில் போய் வாங்கினால் வரி கிடையாது. அதே கடை, அதே பொட்டலம், அதே குழம்பு. வாங்குபவர் நடந்து வந்தாரா, விரலால் தொட்டாரா என்பதில் வரி மாறுகிறது. வீட்டிலிருந்தே சமைத்து விற்கத் தொடங்கிய பெண்கள் பலருக்குச் செயலிதான் கடைவாசல். அவர்களுக்குச் சட்டம் தந்த 20 லட்ச எல்லை அந்த வாசலில் செல்லாக்காசாகிவிடுகிறது.

இத்தனைக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: வீட்டில் சமைப்பது தேவை, வெளியில் சாப்பிடுவது வசதி. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கிப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவர்களை நினைத்துப் பாருங்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் அவர்களுள் உண்டு. பலருடைய அறையில் அடுப்பு வைக்க இடமில்லை. வைத்தாலும் உரிமையாளர் விடுவதில்லை. மெஸ்தான் அவர்களுக்குச் சமையலறை. படிக்க வந்த பிள்ளைகள், மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் எனப் பலருக்கும் சமைத்த சாப்பாடே மளிகை.

இதை மன்றம் அறியாமல் இல்லை. மருத்துவமனையில் உள்நோயாளிக்கு மருத்துவர் சொல்படி தரப்படும் உணவுக்கு நீங்கள் வரி வாங்குவதில்லை. அரசின் மதிய உணவுத் திட்டத்துக்குச் சமைத்துக் கொடுப்பவருக்கும் விலக்கு இருக்கிறது. சமைத்துவிட்டாலே ஆடம்பரம் என்று நீங்கள் கருதவில்லை என்பதற்கு இவையே சான்று. ஆனால் நோயாளிக்கு உள்ள விலக்கு, கட்டிலுக்குக் கீழே பாய்விரித்துப் படுத்திருக்கும் தாய்க்கு இல்லை. அவர் வாசலில் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆடம்பரம் எது என்பதைக் குறிக்கவும் உங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளில் இயங்கும் உணவகத்துக்கு 18 சதவீதமும், மற்றவற்றுக்கு 5 சதவீதமும் என்று பிரித்திருக்கிறீர்கள். சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய் கிடக்கிறது என்று எண்ணாமல், இடத்தைப் பார்த்து வரி விதிக்கும் எளிய முறை அது. மேல்நோக்கிக் கிழித்த அந்தக் கோட்டைப் போலவே கீழ்நோக்கியும் ஒன்று கிழிக்கக் கேட்கிறேன். பட்டியலில் உள்ள எந்தப் பண்டமும் ஒரு குறிப்பிட்ட விலையைத் தாண்டாத உணவகத்தை 'எளிய உணவகம்' என்று அறிவித்து, அதன் சாப்பாட்டுக்கு விலக்குத் தாருங்கள். தட்டு வாரியாக விலை வரம்பு வைத்தால், ஒரே சாப்பாட்டை இரண்டு பில்லாகப் பிரித்துப் போடும் வித்தையை எங்கள் ஆட்களே கற்றுக்கொடுத்துவிடுவார்கள் என்பதால்தான் கடை வாரியாகக் கேட்கிறேன். அந்த விலை என்ன என்பதை முடிவுசெய்யும் தரவும் பொறுப்பும் உங்களிடம் இருக்கின்றன. துணிக்கும் காலணிக்கும் 2,500 ரூபாய் என்று வரம்பு வைக்கத் தெரிந்த மன்றத்துக்குச் சாப்பாட்டுக்கு ஒரு வரம்பு வைப்பது கடினமாக இராது.

குறைந்த அளவு, உணவகங்களுக்கு 20 லட்சத்தை 40 லட்சமாகவாவது உயர்த்தலாம். பெரிய உணவகங்களுக்கோ, வரவு எடுத்துக்கொண்டு உயர்ந்த விகிதம் கட்டவும் வரவின்றி 5 கட்டவும் தெரிவு தரலாம். சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி நிறுவனங்களுக்கு இதே தெரிவு இருக்கிறது. விடுதியோடு சேராமல் தனித்து இயங்கும் உணவகம் அப்படித் தெரிவு செய்ய முடியாது என்று 2025 செப்டம்பரில் மன்றம் விளக்கம் தந்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி மளிகைக்கு வருகிறேன். அங்கே கோடு அடுப்பில் இல்லை, பையில் இருக்கிறது. அரிசி, கோதுமை, பருப்பு, மாவு போன்றவற்றுக்கு, பதிவு பெற்ற வணிகப்பெயர் இருந்தால் வரி என்பது பழைய விதி. அதில் பெயரைக் கைவிட்டு வரியைத் தவிர்க்கும் தந்திரங்கள் பெருகியதால், 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே சிப்பமிட்டு முகப்புச்சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீதம் என்று மாற்றினீர்கள். சில நாள்களிலேயே தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்து நின்றது. அதுவரை 25 கிலோவாக இருந்த மூட்டைக்கு ஒரு கிலோ கூடியதற்கு விளைச்சலோ பசியோ காரணமன்று. சட்டத்தின் ஒரு வாக்கியம் காரணம். மூட்டை தூக்கும் தொழிலாளிகளைத் தவிர வேறு யாரும் அந்தக் கூடுதல் கிலோவைப் பற்றி வருந்தவில்லை.

ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,560 ரூபாயை மொத்தமாகக் கொடுத்து 26 கிலோ சிப்பம் வாங்கி அடுக்கி வைக்கும் வசதி உள்ளவருக்கு வரி இல்லை. வாரக் கூலியில் 5 கிலோ பை வாங்குபவர் 300 ரூபாய்க்கு 15 ரூபாய் வரி கொடுக்கிறார். கடைக்காரர் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை என்று அப்போதே நீங்கள் விளக்கம் தந்தது உண்மைதான். அதனால் உதிரியாக நிறுக்கும் பழைய மளிகைக் கடைகள் இருக்கும் தெருவில் இந்த வரி கடிப்பதில்லை. அந்தக் கடைகள் குறைந்து, எல்லாம் பாக்கெட்டாக அடுக்கப்பட்ட கடைகள் பெருகும் ஊர்களில் கடிக்கிறது. எடையும், தயாரித்தவர் முகவரியும் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டம் கட்டாயப்படுத்துவது வாங்குபவரின் பாதுகாப்புக்காக. அப்படி அச்சிட்டால் 5 சதவீதம் என்று வரிச்சட்டம் சொல்வது, ஒழுங்காக நடப்பதற்கு விதிக்கும் அபராதம் போலிருக்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் நீங்கள் நடைமுறைப்படுத்திய மாற்றங்களால் என் வேலையில் பாதி வழக்கு ஓய்ந்தது என்பதை மனம் திறந்து சொல்ல வேண்டும். வெண்ணெயும் நெய்யும் 12-லிருந்து 5-க்கு வந்தன. பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் 18-லிருந்து 5-க்கு வந்தன. உப்புக்காரப் பாப்கார்ன் உதிரியாக இருந்தால் 5, பாக்கெட்டில் இருந்தால் 12, சர்க்கரைப் பாகில் புரட்டினால் 18 என்று 2024 டிசம்பரில் தந்த விளக்கத்தை நாடே கேலி செய்தது. அதுவும் 5-க்குள் அடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் 2024 செப்டம்பரில் நடந்த கூட்டத்தில் உணவக உரிமையாளர் ஒருவர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்று சொன்னது ஒரு நகைச்சுவையாகவே நினைவில் நின்றுவிட்டது. அவர் கேட்டது பில் போடும் மேசையில் ஒவ்வொரு நாளும் எழும் கேள்வி. இப்போது அந்தக் கேள்வியின் கூர்மை குறைந்திருக்கிறது. தீர்ந்துவிடவில்லை.

பரோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வரும் பரோட்டா சப்பாத்தி அன்று, ஆகவே 18 சதவீதம் என்று 2020-இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம், அதாவது எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று கேட்பவருக்கு முன்கூட்டியே சொல்லும் அமைப்பு, சொன்னது. 2025-இல் நீங்கள் அதற்கு முழு விலக்கே தந்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் ஆலையில் உறைய வைத்துப் பாக்கெட்டில் அடைத்த பரோட்டாவுக்கு இன்று வரி இல்லை. கடையில் கல்லிலிருந்து இறக்கி நான்கு தட்டுத் தட்டி இலையில் போடும் பரோட்டாவுக்கு 5 சதவீதம். கையால் வீசுபவருக்கு வரியும் எந்திரத்துக்கு விலக்கும் என்ற நிலை மன்றத்தின் எண்ணமாக இருந்திருக்காது.

அதே விலக்குப் பட்டியலில் பாக்கெட் பன்னீர் சேர்ந்தது. பாக்கெட் தயிரும் மோரும் 5 சதவீதத்திலேயே நிற்கின்றன. சப்பாத்தியும் ரொட்டியும் விலக்குப் பெற்றன. இட்லி தோசை மாவு 5 சதவீதத்தில் நிற்கிறது. எந்த வட்டாரத்தின் சாப்பாட்டு மேசையை மனத்தில் வைத்துப் பட்டியல் எழுதப்பட்டது என்று நான் குற்றம் சாட்ட வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பன்னீர் விருந்தாளி வந்தால் வாங்குவது, தயிர் அன்றாடம் வாங்குவது என்பதையும், மாலையில் மாவு பாக்கெட் வாங்கிக்கொண்டு போகும் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அதுதான் மறுநாள் காலைப் பலகாரம் என்பதையும் தமிழ்நாட்டு நிதியமைச்சர் மட்டுமல்லாமல் மற்றவர்களும் அறிய வேண்டும்.

எல்லை வழக்கு இல்லாத நாடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் பெரும்பாலான மளிகைக்கு வரி இல்லை, சூடாக வாங்கிச் செல்லும் உணவுக்கு 20 சதவீதம். 2012-இல் பேஸ்ட்டி என்னும் அடைத்துச் சுட்ட சூடான பலகாரத்துக்கும் அந்த வரியை நீட்டப் பார்த்த அரசு எதிர்ப்பால் பின்வாங்கியது. கனடாவில் டோனட்டை ஆறுக்குக் குறைவாக வாங்கினால் வரி, ஆறாக வாங்கினால் மளிகை. ஜப்பானில் 2019 அக்டோபர் முதல் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 10, எடுத்துச் சென்றால் 8. நாம் பார்சலுக்கும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் ஒரே விகிதம் வைத்தது இவற்றைவிட அறிவுள்ள முடிவு. அந்த அறிவைச் சற்றுக் கூடுதலாகச் செலவிடக் கேட்கிறேன்.

வருவாய் இழப்பு என்ற கவலை மாநிலங்களுக்கு இருப்பது நியாயமே. ஜிஎஸ்டியால் குறைந்த வருவாயை மாநிலங்களுக்கு ஈடுகட்டிய ஐந்தாண்டு இழப்பீட்டுக் காலம் 2022 ஜூனில் முடிந்த பிறகு ஒவ்வொரு சதவீதமும் அவர்களுடைய பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் கணக்கில் தெரிகிறது. ஆனால் எளிய உணவகங்களிடமிருந்து வரும் தொகையையும், அதை வாங்க நீங்கள் செலவிடும் அதிகாரி நேரத்தையும் எடுத்துப் பாருங்கள். அவர்கள் வாடகையிலும் எரிவாயுவிலும் முன்பே கட்டிவிட்ட, திரும்பாத வரி எப்படியும் கருவூலத்தில்தான் இருக்கிறது. விலக்குத் தந்தாலும் அது எங்கும் போய்விடாது.

ஒன்றிய அரசைக் கேட்டால் மன்றத்தைக் கைகாட்டுவதும், மாநில அரசைக் கேட்டால் ஒன்றிய அரசைக் கைகாட்டுவதும் நாங்கள் பழகிப்போன காட்சி. மன்றத்தின் வாக்கில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு என்பதால் எந்தத் தரப்பும் தனித்து எதையும் செய்ய முடியாது. தனித்துத் தப்பிக்கவும் முடியாது. அதனால்தான் இம்மடலை ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் எளிய உணவகத்துக்கான விலக்கையும், 25 கிலோ வரம்பையும், தயிரையும், மாவையும் ஒரே உருப்படியாகச் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு சலுகைபோலத் தோன்றி ஒத்திவைக்கப்படும். சேர்த்துப் பார்த்தால்தான் இவை ஒரே வீட்டின் ஒரு நாள் சாப்பாடு என்பது தெரியும். மன்றத்துக்கு வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் விகிதக் குழுவினர் விரும்பினால், கடைக்காரர்களின் இசைவோடும் பெயர்களை நீக்கியும், நான் எழுதும் மெஸ் கணக்குகளை மாதவாரியாகக் கொண்டுவந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து, சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவன்